குதிரைத் தலை என்னிடம், உடம்பு எந்த ஊரில்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு இணைப்பில் பழம்பொருள் சேகரிப்பு பற்றி வந்த கட்டுரையை இரண்டு தடவை படித்தேன். நல்ல கட்டுரைதான், படங்களும் அருமை, காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவை இதுவரை பார்க்காதவர்கள் அடுத்த வாரமே பஸ் ஏறிவிடுவார்கள். ஆனால் கடைசியில் கட்டம் கட்டிப் போட்டிருந்த யோசனைகளில் ஒன்று, கிராமக் கோயில்களில் கேட்பாரற்றுக் கிடக்கும் சுடுமண் குதிரைகளும் பொம்மைகளும் மலிவாகக் கிடைக்கும், வரவேற்பறைக்கு எடுப்பாக இருக்கும் என்றது. அதைப் படித்ததிலிருந்து மனசு சரியில்லை. சண்டை போட எழுதவில்லை. அதே நினைப்போடு நானும் ஒரு காலத்தில் கடை கடையாக அலைந்தவன், அதனால் எழுதுகிறேன்.

எனக்கு இந்தக் கிறுக்கு பிடித்து இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. ஆரம்பம் அப்பத்தாவின் ஊறுகாய் ஜாடி. மேலே காப்பிப் பொடி நிறம், கீழே வெள்ளை, கழுத்தில் துணி கட்டுவதற்கு ஒரு பள்ளம். அப்பத்தா போன பிறகு பாகம் பிரித்தபோது நகை, நிலம் என்று எல்லாரும் பேசிக்கொண்டிருந்தார்கள், நான் ஜாடியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். எத்தனை தடவை கழுவினாலும் உப்பு நாரத்தங்காய் வாசம் போகவில்லை, போகாததுதான் நல்லது. அப்புறம் எனாமல் தட்டு, மரவை, பாக்குவெட்டி, பல்லாங்குழி, பண்ருட்டிப் பக்கத்துக் கொலு பொம்மைகள் என்று வீடு நிறைந்தது. என் மனைவி வாயைத் திறந்து ஒன்றும் சொல்வதில்லை, ஆனால் வீட்டில் தூசி தட்டுவது யார் வேலை என்று மட்டும் ஒரு நாள் தெளிவாகச் சொல்லிவிட்டாள்.

இதில் ஏமாந்த கதைகளை எழுதினால் உங்கள் பக்கம் போதாது. ஒன்று மட்டும் சொல்கிறேன், புதிதாக வாங்குகிறவர்களுக்குப் பயன்படும். ஒரு கடையில் பூப்போட்ட எனாமல் தட்டு ஒன்றை நூற்றைம்பது வருஷத்துச் சாமான் என்று சத்தியம் பண்ணினார்கள். வீட்டுக்கு வந்து திருப்பிப் பார்த்தால் அடியில் செக்கோஸ்லோவாக்கியா என்று முத்திரை. அந்த நாடே 1918-இல்தான் உருவானது. தட்டு போலி இல்லை, வயசுதான் போலி. செட்டிநாட்டு வீடுகளுக்கு ஸ்வீடனிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் செக்கோஸ்லோவாக்கியாவிலிருந்தும் இந்த எனாமல் சாமான்கள் வந்து குவிந்த காலம் ஒன்று இருந்தது, அந்தத் தட்டும் அப்படி வந்ததுதான், அதன் உண்மையான வயசே போதுமான அழகு. பழசு என்றாலே நூறைத் தாண்ட வேண்டும் என்று நாம் எதிர்பார்க்கிறோம், கடைக்காரர்கள் நாம் எதிர்பார்ப்பதைச் சொல்கிறார்கள்.

பித்தளை, வெண்கலப் பாத்திரங்களில் இன்னொரு கொடுமை. அந்தக் காலத்தில் சீர் கொடுக்கும்போது பாத்திரத்தில் பேர் வெட்டிக் கொடுப்பார்கள் இல்லையா, வீட்டு விலாசத்தின் முதல் எழுத்துகள், சிலதில் வருஷமும் இருக்கும். உளியின் முனையால் புள்ளி புள்ளியாகக் குத்திய எழுத்து அது. அந்த நாலு எழுத்துதான் அந்தப் பாத்திரத்தின் ஜாதகம், எந்த வீட்டுப் பெண்ணுக்கு எந்த வருஷம் கொடுத்தது என்று அதை வைத்துத்தான் யாராவது சொல்ல முடியும். கடையில் அதை மெஷின் பாலிஷ் போட்டுத் தங்கம் மாதிரி ஆக்கி வைக்கிறார்கள். வாங்குகிறவர்களும் பளபளப்பைத்தான் கேட்கிறார்கள். எழுத்து போய்விடுகிறது. நான் பார்த்த ஒரு குடத்தில் 'மு' மட்டும் மிச்சம் இருந்தது, அதுவும் பாதி தேய்ந்து.

சரி, குதிரைக்கு வருகிறேன்.

2016-இல் ஒரு கடையில், ஊர் வேண்டாம், ஒரு சுடுமண் குதிரைத் தலை வாங்கினேன். தலையும் கழுத்தும் சேர்ந்து இரண்டடி உயரம் இருக்கும். செங்காவி நிறம் மங்கிப் பச்சை பாசி படிந்து, நாசித் துவாரம் விடைத்து, கண் இரண்டும் வெளியே பிதுங்கி, கழுத்தைச் சுற்றிச் சலங்கை மாலை. 7,500 ரூபாய் சொன்னார், பேரம் பேசவே மனசு வரவில்லை. எந்த ஊர் என்று கேட்டேன். "புதுக்கோட்டைப் பக்கம் சார்" என்றார். உடைந்து கிடந்ததா என்று கேட்டேன். "ஆமா சார், காட்டுக்குள்ள கெடந்தது, நாம எடுக்கலேன்னா மண்ணாத்தான் போகும்" என்றார். எனக்கும் அந்தப் பதில் தேவைப்பட்டது, வாங்கிக்கொண்டேன். இப்போது யோசித்தால் புரிகிறது, கடையில் வாயால் சொன்ன வயசு நூற்றிருபது வருஷம், பில்லில் எழுதியது கைவினைப் பொருள் ஒன்று. இந்த இரண்டில் எது நிஜமாக இருந்தாலும் ஒன்று பொய்.

தலையை வரவேற்பறையில் டிவிக்குப் பக்கத்தில் ஒரு முக்காலி மேல் வைத்தேன். வருகிறவர்கள் எல்லாம் அதோடு போட்டோ எடுத்துக்கொண்டார்கள். நாலு வருஷம் அப்படிப் போனது.

எங்கள் குலதெய்வம் சிவகங்கைப் பக்கம் ஒரு அய்யனார். பல வருஷமாக நின்றுபோயிருந்த புரவியெடுப்பை, அதாவது அய்யனாருக்கு மண்குதிரை செய்து வைக்கிற திருவிழாவை, திரும்ப நடத்துவது என்று ஊரில் முடிவாகி, வரி வசூலுக்காகப் பங்காளிகள் இரண்டு பேர் மதுரைக்கு வந்தார்கள். கூடவே குதிரை செய்யப்போகிற வேளார், மண்பாண்டம் வனைகிற பெரியவர், அவரும் வந்தார், எழுபது வயசு இருக்கும். காப்பி கொடுத்தோம். அவர் காப்பியைக் கையில் வாங்கி அப்படியே வைத்துவிட்டு எழுந்து குதிரைத் தலையிடம் போனார். முதலில் சலங்கையைத்தான் பார்த்தார். ஒவ்வொரு சலங்கை மணியிலும் ஈர்க்கால் கீறிய கோடு இருக்கும், நிஜச் சலங்கையின் வாய் மாதிரி. "பொதுவா ஒரு கீறுதான் தம்பி போடுவாங்க. எங்க அப்பா ரெண்டு போடுவாரு, சிலுவை மாதிரி. இது அவரு கை" என்றார்.

எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது, பெருமையில்தான், வெட்கமில்லாமல் சொல்கிறேன். செய்தவர் யார் என்றே தெரிந்துவிட்டது, எந்தச் சேகரிப்பாளனுக்கு இது வாய்க்கும்? போனை எடுத்து அவரையும் குதிரையையும் சேர்த்துப் படம் பிடிக்கப் போனேன். அவர் அதற்குள் தலையைச் சற்றுச் சாய்த்து, கழுத்துக்கு அடியில் விரலை விட்டு விளிம்பைத் தடவிக்கொண்டிருந்தார். "இது ஒடஞ்சது இல்ல. ஒடஞ்சா கோணல்மாணலாப் போகும், ஓரம் கையைக் கிழிக்கும். இது மெஷின் வச்சு அறுத்திருக்கு" என்று சொல்லிவிட்டு என் விரலைப் பிடித்து அந்த விளிம்பில் வைத்தார். சுற்றிலும் நூல் பிடித்த மாதிரி ஒரே மட்டம். நாலு வருஷமாக வாரா வாரம் தூசி தட்டியவன் நான், ஒரு தடவைகூட அங்கே விரலை வைத்துப் பார்க்கவில்லை.

"முழுக் குதிரையைத் தூக்க முடியாதுல்ல, தலையை மட்டும் எடுத்திருக்காங்க. எந்த ஊருல எடுத்ததாம்?" என்று கேட்டார். புதுக்கோட்டைப் பக்கம் என்றேன். "எங்க அப்பா அந்தப் பக்கம் எட்டு ஊருக்குச் செஞ்சாரே" என்றார். அவ்வளவுதான். திட்டவில்லை, முகம் சுளிக்கவில்லை. ஆறிப்போன காப்பியைக் குடித்துவிட்டு, "ஒடம்பு அங்கதான் நிக்கும்" என்று யாரிடமோ சொல்வது மாதிரிச் சொல்லிவிட்டு வரி ரசீதைப் போடச் சொன்னார்.

அந்த வருஷம் புரவியெடுப்பை முதல் நாளிலிருந்து கூட இருந்து பார்த்தேன். சின்ன வயசில் பார்த்தது ராட்டினமும் சர்பத்தும் மட்டும்தான். முதலில் பிடிமண். கோயில் எல்லைக்குள் ஒரு பிடி மண் எடுத்துத் தட்டில் வைத்து ஊரே கூடி வேளார் கையில் கொடுக்கிறது, அதுதான் உத்தரவு. அந்த ஒரு பிடியைக் கண்மாய்க் களிமண்ணோடு கலந்து, மணலும் உமியும் சேர்த்து மிதித்துப் பதம் பார்க்கிறார்கள். நாலு காலும் நாலு குழாய் மாதிரி தனித்தனியாக நிற்கும், காய்ந்து பலம் வந்ததும் மேலே வயிறு, அப்புறம் மார்பு, கழுத்து, கடைசியில் தலை என்று நாள் கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுகிறார்கள், அவசரப்பட்டால் ஈரக் கால் மேல் கனம் இறங்கிச் சப்பிவிடும். உள்ளே முழுக்கப் பொள்ளல், சூடு வெளியேற வயிற்றில் ஓட்டை விடுகிறார்கள். வைக்கோலும் வரட்டியும் விறகும் அடுக்கி மேலே சேறு பூசிச் சூளை வைத்தபோது, இது வெடித்துவிடக் கூடாதே என்று எனக்கு வயிற்றைக் கலக்கியது. பெரியவர் வேப்பமர நிழலில் துண்டை விரித்துப் படுத்துத் தூங்கிவிட்டார்.

சுட்டு வெள்ளையடித்து வர்ணம் பூசி, மாலை போட்டு, வேளார்தான் கண் திறக்கிறார். அதுவரை பொம்மை, அதற்கப்புறம் சாமியின் குதிரை. ஆம்பளைகள் தோளில் தூக்கிக்கொண்டு அய்யனார் கோயில் வரை ஓட்டமும் நடையுமாகப் போய் இறக்கி வைக்கிறார்கள். பிள்ளை வரம் கேட்டவர்கள் வைக்கிற மதலைகள் என்கிற குழந்தைப் பொம்மைகள், கால் வலிக்கு மண் கால், மாட்டுக்கு நேர்ந்த மண் மாடு எல்லாம் கூடவே வரிசையாகப் போகும். வைத்த பிறகு பழைய குதிரைகளை யாரும் பழுது பார்ப்பதில்லை, அப்புறப்படுத்துவதும் இல்லை. அது வெயிலிலும் மழையிலும் நின்று, காது உதிர்ந்து, கால் விட்டு, அங்கேயே மண்ணோடு மண்ணாகப் போகும், அடுத்த தலைமுறை புதுக்குதிரை வைக்கும். இதைத்தான் உங்கள் கட்டுரை கேட்பாரற்றுக் கிடப்பது என்கிறது. கேட்பார் இருக்கிறார்கள், கேட்டு முடித்துவிட்டு விட்டிருக்கிறார்கள்.

இதற்கு என் சேகரிப்பு நண்பர்கள் சொல்லும் பதில் எனக்குத் தெரியும், ஏனென்றால் அது என்னுடைய பழைய பதில். எப்படியும் அழியத்தானே போகிறது, நம் வீட்டிலாவது இருக்கட்டுமே, மியூசியம்காரர்கள் எடுக்கவில்லையா என்பார்கள். தாமிரபரணிக் கரையில் பழங்கால முதுமக்கள் தாழிகள் புதைந்து கிடந்த ஆதிச்சநல்லூரை எடுத்துக்கொள்ளுங்கள். 1876-இல் ஜாகோர் என்ற ஜெர்மானியர் தோண்டி எடுத்துப் பெர்லினுக்குக் கொண்டுபோனார். அப்புறம் அலெக்சாண்டர் ரீ தோண்டியவை எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு வந்தன, இன்ன இடத்தில் இன்ன தாழியில் கிடைத்தது என்று அவர் பட்டியலே போட்டு அச்சிட்டார். அவர்கள் செய்தது சரியா தவறா என்பது வேறு சண்டை, அந்தச் சண்டையில் நான் ஊர்க்காரர்கள் பக்கம். ஆனால் பெர்லினில் இருக்கிற பானைக்குக்கூட ஆதிச்சநல்லூர் என்று ஒரு ஊர்ப் பேர் இருக்கிறது. டிவி பக்கத்தில் இருக்கிற என் குதிரைக்கு அதுவும் இல்லை, புதுக்கோட்டைப் பக்கம் என்பது ஒரு ஊரா?

சட்டமும் இருக்கிறது, உங்கள் கட்டுரை அதை ஒரு வரியிலாவது சொல்லியிருக்கலாம். தொல்பொருள், கலைப் பொக்கிஷச் சட்டம் என்று 1972-இல் கொண்டுவந்தது, 1976-இலிருந்து நடைமுறையில் இருக்கிறது. நூறு வருஷம் தாண்டிய கலைப்பொருள் தொல்பொருள், சுவடி என்றால் எழுபத்தைந்து வருஷமே போதும். அதை வியாபாரம் செய்ய உரிமம் வேண்டும், தனியார் யாரும் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது, சிற்பங்களை வைத்திருப்பவர்கள் பதிவு செய்ய வேண்டும், அந்தப் பதிவு வகைகளில் கல், உலோகத்தோடு சுடுமண்ணும் உண்டு. தோட்டத்தில் தோண்டும்போது ஏதாவது கிடைத்தால் அதற்கு 1878-ஆம் வருஷத்துப் புதையல் சட்டம், பத்து ரூபாய்க்கு மேல் மதிப்பிருந்தாலே கலெக்டருக்குச் சொல்ல வேண்டும் என்கிறது. பத்து ரூபாய் அந்தக் காலத்துக் கணக்கு, சிரிக்காதீர்கள். ஆக, கடைக்காரர் வாயால் சொல்கிற வயசு உண்மையானால் அந்தக் குதிரையை அப்படி விற்றிருக்கவே கூடாது, பொய்யானால் எனக்கு எதற்கு அந்த விலை? கோயிலில் நேர்ந்துவிட்டதை அறுத்து எடுத்தது எந்த வயசாக இருந்தாலும் திருட்டு, அதற்கு நூறு வருஷக் கணக்கெல்லாம் வேண்டியதில்லை.

குதிரை வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள் ஆசைப்படலாம், தப்பே இல்லை. வேளாரிடம் போய்ச் செய்யச் சொல்லுங்கள். தில்லி கைவினை அருங்காட்சியகத்தில் நிற்கிற பெரிய அய்யனார் குதிரைகள் நம் ஊர்க் கைவினைஞர்கள் செய்தவைதான். புதுச்சேரிப் பக்கம் வில்லியனூரில் சுடுமண் வேலை செய்கிற முனுசாமிக்கு 2005-இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். மானாமதுரை மண்பாண்டத்துக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது, அங்கே செய்கிற கடம் கச்சேரி மேடைகளில் வாசிக்கப்படுகிறது. நான் எங்கள் வேளாரிடம் ஒன்றரை அடியில் ஒரு குதிரை கேட்டேன், கண் திறக்காமல், வீட்டில் வைத்துக்கொள்ள. சலங்கைக்கு எத்தனை கீறு என்று அவரே கேட்டார், உங்கள் கை எத்தனை போடுமோ அத்தனை என்றேன். மூன்று போட்டுக் கொடுத்தார். அப்பாவுக்கு மேல் ஒன்று, குறும்பு. வயிற்றுக்குள் அவர் பேர், ஊர், வருஷம் மூன்றும் கீறி வாங்கியிருக்கிறேன், எனக்குப் பிறகு எந்தக் கடைக்காரரும் அதற்கு நூற்றிருபது வயசு சொல்ல முடியாது.

வீட்டுச் சாமான்களைச் சேகரிக்கிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஜாடியோ பெட்டியோ கொலு பொம்மையோ வாங்கியதும், யார் வீட்டிலிருந்து வந்தது, எந்தக் கடை, எந்த வருஷம், என்ன விலை என்று ஒரு சீட்டில் எழுதி உள்ளே போட்டுவையுங்கள். கடைக்காரரிடம் கேட்டால் முதலில் முறைப்பார், அப்புறம் சொல்வார், சில பேர் அந்த வீட்டு ஆச்சி பேர் வரைக்கும் சொல்வார்கள். அப்பத்தா ஜாடிக்குள் நான் எழுதிப் போட்ட சீட்டு இப்போதே நாரத்தங்காய் மணக்கிறது. பாலிஷ் போடாதீர்கள். சுடுமண்ணுக்கு வார்னிஷ் அடிக்காதீர்கள், மண் உள்ளே இழுத்த ஈரம் வெளியே வர வழியில்லாமல் தோல் உரிகிற மாதிரி மேல் பரப்பு பொரிந்து உதிரும், இரண்டு பூச்சாடி அப்படித்தான் போனது என்னிடம்.

இனி நான் இந்தக் கடிதம் எழுதிய காரணம். அந்தத் தலையை எங்கள் அய்யனார் கோயிலிலாவது வைத்துவிடலாமா என்று பெரியவரைக் கேட்டேன். "வேற ஊரு சாமியோட குதிரைய இங்க எப்பிடித் தம்பி வைக்கிறது? அது அந்த ஊருக்குக் காவல் நின்ன குதிரை" என்றார். அவர் அப்பா செய்து கொடுத்த எட்டு ஊரில், பேர் நினைவில் இருந்த ஐந்துக்குப் போய்ப் பார்த்துவிட்டேன். இரண்டு ஊரில் பழைய குதிரைகளே இல்லை, சிமெண்ட் குதிரை நிற்கிறது, அதுவும் கம்பீரமாகத்தான் இருக்கிறது. இரண்டு ஊரில் குதிரைகள் தலையோடு நிற்கின்றன, சலங்கையில் சிலுவைக் கீறலும் இருக்கிறது. ஒரு ஊரில் என்னையே திருடன் என்று நினைத்துப் பிடித்து உட்கார வைத்துவிட்டார்கள், குற்றம் சொல்ல முடியாது. மிச்ச மூன்று ஊர்களின் பேர் அவருக்கே சரியாக நினைவில்லை, போன வருஷம் அவரும் காலமாகிவிட்டார்.

ஆகவே அடையாளம் சொல்கிறேன், தயவுசெய்து வெட்டாமல் போடுங்கள். இடது பக்கம் பார்த்துச் சற்றே திரும்பிய தலை. வலது காது நுனி இல்லை, அது பழைய உடைவு. நெற்றியில் பிறை மாதிரி ஒரு பட்டம், அதன் நடுவில் கண்ணாடிச் சில்லு பதித்து விழுந்த பள்ளம். சலங்கை மணி பதினேழு, ஒவ்வொன்றிலும் சிலுவைக் கீறல். கழுத்து வட்டம் என் மனைவி சேலை அளக்கிற டேப்பில் இருபத்தெட்டு அங்குலம். உங்கள் ஊர்க் கோயில்காட்டில் கழுத்து மட்டமாக அறுபட்ட குதிரை ஒன்று நின்றால், அளந்து பார்த்துவிட்டு ஆசிரியருக்கு ஒரு வரி எழுதுங்கள். வண்டிச் செலவு என்னுடையது, நானே தூக்கிக்கொண்டு வருகிறேன். ஊர்க்கூட்டத்தில் என்ன கேட்டாலும் பதில் சொல்லத் தயார்.

இப்படிக்கு,
மதுரை வாசகன்